ஏழு நாள் முகாமும் ஊரின் நினைவும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்லூரி படித்தவர்கள் நாலு பேர் ஒரு கல்யாணப் பந்தலில் சேர்ந்துவிட்டால், பேச்சு எப்படியும் என்.எஸ்.எஸ். முகாமுக்கு வந்து சேரும். பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையாகப் படுத்துக் கிடந்தது, அண்டாவில் கிண்டிய உப்புமா, மண்வெட்டி பிடித்து உள்ளங்கை கொப்பளித்தது, ராத்திரி போட்ட நாடகம், கடைசி நாளில் ஊர்ப் பெரியவர் போர்த்திய துண்டு. பாடம் நடத்திய பேராசிரியரின் பெயரை மறந்தவர்களுக்குக்கூட முகாம் நடந்த கிராமத்தின் பெயர் மறப்பதில்லை. அந்த நினைவின் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. படித்த காலத்தில் மற்றவர்க்காக உடம்பை வருத்தி ஏதோ செய்தோம் என்ற நிறைவு பலருக்கு வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கிறது. ஆனால் அதே நினைவுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. முகாம் போட்டவர்களுக்கு ஊர் நினைவிருக்கிறது. ஊருக்கு முகாம் நினைவிருக்கிறதா? மாணவர் தொண்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். எத்தனை மணி நேரம், எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் என்ற கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து அந்த ஊரில் என்ன நின்றது என்று பார்க்க வேண்டும். நிற்க வைக்கக் கூடியவர்கள் படிக்கிற மாணவர்களைவிடப் படித்து முடித்தவர்கள்தான், அதிலும் குறிப்பாக ஊரை விட்டுப் போகாதவர்கள் என்பதே என் வாதம்.

என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வைத்தபோது 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது இன்றும் தொடரும் அமைப்பு. பட்டணத்தில் வளர்ந்து பட்டம் வாங்குகிற பிள்ளைகள் கிராமத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. சென்னைக்கோ மும்பைக்கோ அது பொருந்தும். சங்கரன்கோவிலுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே மேலநீலிதநல்லூரில் இருக்கும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கு வருகிறவர்கள் விசைத்தறிக்காரர் வீட்டுப் பையன், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரின் மகள், மானாவாரிக் காட்டில் உளுந்து விதைக்கிறவரின் பேரன். அவர்களுக்கு யாரும் கிராமத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்படியானால் இங்கே முகாமின் வேலை வேறாகத்தான் இருக்க முடியும். வகுப்பில் கற்றதை, தான் பிறந்த ஊர் மாதிரியே உள்ள இன்னொரு ஊருக்குப் பயன்படுமாறு கொண்டு சேர்ப்பதே அந்த வேலை. மற்றக் கல்லூரிகளுக்கு எழுதிய நிகழ்ச்சி நிரலை அப்படியே இங்கே நகலெடுப்பதால்தான் பாதிக் குறை வருகிறது.

மரக்கன்று நடுவதை எடுத்துக்கொள்வோம். கன்று நடாத முகாம் அபூர்வம். முகாம்கள் பெரும்பாலும் பொங்கல் கழிந்து, தேர்வுக்கு முன்னால், தை மாசியில் நடக்கின்றன. கல்லூரி நாட்காட்டிக்கு அதுதான் தோது. சங்கரன்கோவிலோ மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, தென்மேற்குப் பருவமழை எட்டாத பக்கம் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய நிலம் இது. மாசியில் நட்ட கன்றுக்கு முன்னால் பங்குனியும் சித்திரையும் வைகாசியும் நிற்கின்றன. தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் நட்டுவிட்டுப் போனால் அந்தக் கன்று எத்தனை நாள் இருக்கும் என்று ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கேட்பதில்லை என்பதுதான் குறை. பனை விதை அப்படியில்லை. ஆவணி புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 2023இல் தமிழகக் கடற்கரை முழுக்க ஒரு கோடி பனை விதை ஊன்றும் முயற்சியில் என்.எஸ்.எஸ். மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்த வேலை பருவத்தைப் பார்த்துத் தேதி குறித்தது. இன்னோர் உதாரணம் சீமைக்கருவேலம். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொன்னது. தென் மாவட்டங்களில் மாணவரும் இளைஞரும் அரிவாளோடு கண்மாய்க்குள் இறங்கினார்கள். அந்த உற்சாகம் மதிக்கத்தக்கது. ஆனால் தூரோடு பறிக்காமல் மேலே வெட்டினால் அந்த மரம் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் அதை நம்பி இருக்கின்றன. தூரைப் பறிக்க இயந்திரம் வேண்டும், பறித்த இடத்தை அடுத்த இரண்டு மூன்று மழைக்குக் கவனிக்க ஆள் வேண்டும், கரி சுடுகிறவர்களோடு முதலில் பேச வேண்டும். ஏழு நாளில் இவை எதுவும் முடியாது.

ஏழு நாள் முகாமே வீண் என்று சொல்ல வரவில்லை. கண் சிகிச்சை முகாம் பலன் தருகிறதே, ஏன் என்று பார்த்தால் போதும். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பகுதிக் கிராமங்களில் கண் முகாம் என்றால் ஊருக்கு அதன் நடைமுறை மனப்பாடம். ஊரில் ஓர் அமைப்பு இடம் பிடித்து விளம்பரம் செய்கிறது. மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. புரை உள்ளவர்களை வண்டியில் அழைத்துப் போய் அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பிறகு மறுபரிசோதனை. மாணவர் அங்கே செய்வது சின்ன வேலைதான். பெரியவர்களின் கையைப் பிடித்துக் கூட்டி வருவது, சீட்டு எழுதுவது, வரிசை ஒழுங்கு பார்ப்பது. அந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிரந்தரமாக நிற்பதால் அதற்குப் பொருள் கிடைக்கிறது. அறிவொளி இயக்கத்தின் கதையும் இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் கல்லூரி மாணவர்களும் பெண்களும் ஏராளம், தெருவிளக்கடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த அலையில்தான். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி நாட்களை 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாகவே எழுதினார். அவ்வளவு பெரிய மக்கள் இயக்கத்திலும், தொடர்கல்வி தளர்ந்த ஊர்களில் கற்ற எழுத்து கையை விட்டுப் போனது. பழகாத எழுத்து மறந்துபோகும். தொண்டின் தரம் குறைந்ததால் வந்த இழப்பென்று அதைச் சொல்ல மாட்டேன். தொடர்ச்சி அறுந்ததால் வந்த இழப்பு அது.

தொடர்ச்சி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து போகிறார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறைய. கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்து, இனம் பிரித்து, எண்ணி எழுதுகிறார்கள். குளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் பதிவாகிறது. ஒரு வருடத்துக் கணக்கை மட்டும் எடுத்தால் அதில் பெரிய பொருள் இல்லை. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததா, பறவை வேறு குளத்துக்குப் போய்விட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்த பிறகு அது எந்த அரசு அலுவலகத்திலும் கிடைக்காத ஆவணமாகிவிட்டது. எந்தக் குளத்தில் என்ன மாறியது என்று அதிலிருந்து பேச முடியும். இதில் நான் கவனிக்கச் சொல்வது, மாணவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள், கணக்கெடுப்பு மாறவில்லை என்பதைத்தான். முறை ஒன்றாக இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள், போன வருடம் வந்தவர் இந்த வருடம் புதியவருக்குப் பறவையைக் காட்டிக் கொடுக்கிறார். இதே முறையை வேறு வேலைகளுக்கும் கொண்டு வரலாம். ஒரு வேதியியல் துறை தான் தத்தெடுத்த கிராமத்தின் கிணற்று நீரையும் போர் நீரையும் ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சோதித்து எழுதி வைத்தால், பத்து வருடத்தில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் எவ்வளவு பெரிய ஆயுதம் இருக்கும்! பொருளியல் துறை விசைத்தறித் தொழிலாளரின் கூலியையும் நூல் விலையையும் வருடந்தோறும் பதியலாம். வணிகவியல் மாணவர் மகளிர் குழுக்களின் கணக்கு நோட்டைச் சரிபார்க்கக் கற்றுத் தரலாம். மதுரையில் லேடி டோக் கல்லூரியும் அமெரிக்கன் கல்லூரியும் சேவையைப் பாடத்தோடு சேர்த்தே நடத்துகின்றன. காந்திகிராமத்தில் 1956இல் கிராமியப் பல்கலைக் கழகத்துக்கு அடித்தளம் இட்டபோதே படிப்பும் ஊர் வேலையும் தனித்தனி இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை.

மாணவர் மூன்று வருடத்தில் போய்விடுவார், திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரும் சில வருடத்தில் மாறுவார், பிறகு யார் தொடர்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குத்தான் முன்னாள் மாணவர் வேண்டும் என்கிறேன். ஆனால் கல்லூரிகள் முன்னாள் மாணவரைத் தேடும் திசை வேறாக இருக்கிறது. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக், முன்னாள் மாணவர் சங்கம் பதிவு பெற்றதா, நன்கொடை எவ்வளவு வந்தது என்று கேட்கிறது. அதனால் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருப்பவரின் தொலைபேசி எண் அவசரமாகத் தேவைப்படுகிறது. அவர் அனுப்பும் பணத்தில் புரொஜெக்டரும் குடிநீர் இயந்திரமும் வருகின்றன, கல்வெட்டில் பெயரும் வருகிறது. பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சங்கரன்கோவில் மாதிரி ஊரின் கல்லூரிகளில் படித்தவர்களில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை. கிராம நிர்வாக அலுவலராக, ஆரம்பப் பள்ளி ஆசிரியராக, கூட்டுறவுச் சங்க எழுத்தராக, செவிலியராக, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரராக, பஞ்சாயத்து வார்டு உறுப்பினராக இங்கேயேதான் இருக்கிறார்கள். எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தியது, எந்த அலுவலகத்தில் எந்த மனு தேங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒரு லட்சம் அனுப்பக் கூடியவருக்கு இது தெரிய வழியில்லை. உள்ளூரிலேயே இருக்கும் இவர்களை எந்தச் சங்கமும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, நன்கொடைப் பட்டியலில் பெயர் வராது என்பதால். ஒரு கிராமத்துக்கு இப்படி இரண்டு பேர் பொறுப்பெடுத்தால், வருடா வருடம் மாறி வரும் மாணவர்க்கு அவர்கள்தான் தொடர்ச்சி. போன வருடம் நட்டதில் எது பிழைத்தது என்று சொல்ல ஆள் இருக்கும். அதுவே அடுத்த முகாமைத் திருத்திவிடும்.

இங்கே படிக்க வருகிறவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சனி ஞாயிறு ஜவுளிக்கடையிலோ தறிக்கூடத்திலோ வேலை பார்த்துத்தான் பஸ் செலவும் புத்தகச் செலவும் நடக்கிறது. அவர்களிடம் போய் இலவசமாக உழைக்கச் சொல்வது நியாயமா என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். வசதி உள்ளவர்க்கு மட்டும் கட்டுப்படியாகிற தொண்டு தொண்டாகாது. தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதற்கு ஒரு வழி காட்டியது. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் பாடம் சொன்னார்கள், மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். படித்துவிட்டு வீட்டோடு இருந்தவர்கள், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். தொகை சிறிது, அது கூலி ஆகாது. ஆனால் கைக்காசு போட்டுச் செய்ய வேண்டாம் என்ற அளவுக்கு உதவியது. அதைவிட முக்கியம், அவர்கள் பஸ் ஏறிப் போகவில்லை. தன் தெருவில், தன் வீட்டுத் திண்ணையில், தனக்குப் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் தொடர முடிந்தது. ஏழை மாணவரிடம் ஏழு நாளைச் சேர்த்துக் கேட்பதற்குப் பதில், அவர் ஊரிலேயே வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் இரண்டு பக்கமும் தாங்கும். பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கு இரண்டு கிரெடிட் பாடம் வைக்கப் பரிந்துரைத்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காகச் செய்தால் அது தொண்டா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்த மதிப்பெண்ணாவது கிடைக்கட்டும் என்பது என் கட்சி.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சாக்கடை தூர்வாருவதும் தெரு கூட்டுவதும் குளம் வெட்டுவதும் அரசின் வேலை. மாணவரைக் கொண்டு அதைச் செய்தால் அரசு பொறுப்பிலிருந்து நழுவும், சம்பளம் வாங்க வேண்டிய தூய்மைப் பணியாளரின் வேலையும் மலிவாகும் என்பார்கள். பெரும்பகுதி சரி. 1858இல் வெள்ளைக்காரர் சென்னை மாகாணத்தில், நீர்நிலைகளை ஊரே பராமரிக்கும் குடிமராமத்தைச் சட்டமாக்கிக் கட்டாய உழைப்பாக்கினார்கள். ஊர் தானாகச் செய்ததை மேலிருந்து ஏவினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வரலாறே போதும். மாணவர் கையில் துடைப்பம் கொடுத்துப் படம் எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. படித்தவரால் செய்யக் கூடியது வேறொன்று உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே வைக்கப்படும் வரவு செலவை வாசித்துக் காட்ட, ஊரக வேலைத் திட்டக் கணக்கைப் புரிய வைக்க, தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்க, அடுத்த சபையில் அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் வேண்டும். அரசின் வேலையை அரசைக் கொண்டே செய்ய வைக்கிற வேலை இது. அரசுக்கு மாற்றாக நிற்பது பேரிடர் நாட்களில் மட்டும் நியாயம். 2023 டிசம்பர் 17, 18இல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் 800 பயணிகள் சிக்கினார்கள். அவர்களுக்கு முதலில் சோறாக்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள், தாங்களே வெள்ளத்தில் மாட்டியிருந்த நிலையில். கல்லூரிக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. தொண்டு என்பதைக் கல்லூரி கிராமத்துக்குக் கற்றுத் தரவில்லை. கிராமத்திடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

கிராமத்திடம் இல்லாதது என்னவென்றால், எல்லாத் தெருவும் ஒரே ஊர் என்ற எண்ணம். இந்தப் பகுதியில் தொண்டைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள், கூடப் படித்தவர்களால். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய்யச் சொன்ன அதே அறிக்கை, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு சமூக நீதி மாணவர் படை அமைக்கவும் சொன்னது. முகாம் போடும் கல்லூரிகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எளியவை. மண்வெட்டி எந்தத் தெருவில் இறங்கியது? ஊர்த் தெருவோடு நின்றதா, காலனிக்கும் போனதா? மாணவரும் மாணவியரும் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்? சமையலுக்கு யார் வந்தார்கள்? நிறைவு விழாவில் துண்டு போர்த்த யாரைக் கூப்பிட்டார்கள்? வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஏழு நாள் ஒரே அண்டாவில் சாப்பிட்டு ஒரே வராண்டாவில் படுத்தெழுவது இந்த மாவட்டங்களில் சின்னக் காரியமில்லை. வகுப்பறையில் நடக்காதது அங்கே நடக்கிறது. முகாமை அடியோடு நிறுத்தச் சொல்பவர்களுக்கு நான் தரும் முதல் பதில் இதுதான். பக்தர்கள் இரண்டு பக்கம் பிரிந்து நின்றபோது பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாக நின்ற கடவுளின் ஊர் என்று ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கானவர் கூடும் இடம் இது. அந்தப் பெருமை தெருவுக்குள் இறங்க வேண்டும். அதற்கும் ஏழு நாள் போதாது. முகாம் முடிந்து போன பிறகு இரண்டு தெருவுக்கும் பொதுவாகப் போய்வரக் கூடிய ஓர் ஆசிரியர், ஒரு செவிலியர், ஒரு பழைய மாணவி அங்கேயே இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரையும் நிறுவனங்களையும் இணைக்க 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டம் 2022 டிசம்பரில் வந்தது. உயர்கல்வி நிறுவனங்கள் தலா ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கும் உன்னத் பாரத் அபியான் 2014இலேயே வந்துவிட்டது. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆகவே சங்கரன்கோவில், புளியங்குடி, மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் கல்லூரி முடித்தவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த வருடம் முன்னாள் மாணவர் கூட்டத்தைக் கல்லூரி அரங்கத்தில் போடாதீர்கள். நீங்கள் ஒரு காலத்தில் முகாம் போட்ட கிராமத்தில் போடுங்கள். மேடை வேண்டாம், பேனர் வேண்டாம். இப்போது படிக்கிற மாணவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் நட்டதும் கட்டியதும் சொல்லிக் கொடுத்ததும் இன்று என்ன ஆயிற்று என்று இரண்டு தெருவிலும் விசாரித்து எழுதுங்கள். உள்ளூரிலேயே இருக்கும் இரண்டு பேரை அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பாக அன்றைக்கே எழுதி வையுங்கள், அடுத்த கிராம சபைக்கு அவர்கள் போகட்டும்.